தொண்ணூற்றேழாம் பக்கம்

ஆனையூரிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். "பாகப்பிரிவினை என்றால் வீட்டைப் பிரிப்பார்கள், நிலத்தைப் பிரிப்பார்கள். ஒரு நாவலை நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதுகிறீரே, புளுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்று கேட்கிறார்.

ஐயா, தெற்குவாசல் குடைக்கடை வீட்டாரை உங்களுக்குத் தெரியாது. நான் மூன்று மாதமாக வாராவாரம் அவர்களோடு குடித்தனம் செய்துகொண்டிருக்கிறேன். புத்தகத்தோடு விட்டார்களே, கிணற்றை அறுக்காமல் விட்டார்களே என்று சந்தோஷப்படுகிறவன் நான்.

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். கடைக்குப் புதுப் பலகை எழுதியதில்தான் வினை ஆரம்பித்தது. 'நைனா முகமது சகோதரர் குடைக்கடை' என்று பெயிண்டர் எழுதிவிட்டுப் போனான். தம்பி சேக் இஸ்மாயில் அதன் முன்னால் அரை நாள் நின்றார். "அண்ணனுக்குப் பேரு இருக்கு. எனக்குப் பேரு சகோதரரா?" என்று கேட்டார். அண்ணன் நைனா முகமது, தன் நிதானமான குரலில், "ஏன், அதுவும் நல்ல பேருதானே" என்றார். அன்று சாயங்காலமே பாகம் பிரிப்பது என்று ஆகிவிட்டது.

பிரித்து வைத்தவர் தாய்மாமன் அப்துல் அலீம். எந்தப் பொருளானாலும் சரிபாதி வேண்டும் என்று இருவரும் ஒரே பிடியாக நின்றதால், மனிதர் வெறுத்துப்போய் அதை அப்படியே செய்துவிட்டார். குடைக்கடையில் துணியும் தையல் மிஷினும் அண்ணனுக்கு, கம்பியும் கைப்பிடியும் தம்பிக்கு. அன்று முதல் இரண்டு பேராலும் ஒரு குடை செய்ய முடியவில்லை. அண்ணன் கறுப்புத் துணியை வக்கீல் குமாஸ்தாக்களுக்குக் கோட்டுத் தைக்க விற்கிறார். தம்பியின் கம்பிகளைக் கறி சுடுகிற கடைக்காரன் வாங்கிப் போகிறான். வீட்டு முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பினார்கள். கிணற்றுக்கு இரண்டு முழம் இருக்கும்போது செங்கல் தீர்ந்துபோனதால் சுவர் அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டில் ஒரே ஒரு நாவல் இருந்தது. பெயர் 'சிங்காரபுரம் காசுமாலை'. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். அலீம் மாமு துணி வெட்டுகிற கத்தியால் அதை நடுமுதுகில் அறுத்து, மூத்தவருக்கு முன்பாதி, இளையவருக்குப் பின்பாதி என்று கொடுத்தார். பின்னால் தகராறு வரக் கூடாதென்று ஒவ்வொரு பாதியையும் குடை நூலால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி, முடிச்சில் அரக்கு முத்திரையும் வைத்துவிட்டார்.

இதோ, இப்போது பின்பாதியைக் காணவில்லை.

*

வியாழக்கிழமை காலை ஏழு மணி. சேக் இஸ்மாயிலின் மனைவி மெஹருன்னிசா அடுப்படி மாடக்குழியில் கையை விட்டாள். அந்த மாடக்குழியில் துணியில் சுற்றி அந்தப் பாதிப் புத்தகம் இருக்கும். தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் உலை வைப்பது. அன்று கைக்கு உப்புச் சட்டிதான் அகப்பட்டது.

"என்னங்க, புத்தகத்தக் காணோம்."

இஸ்மாயில் முன்கட்டில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. எழுந்து வந்து மாடக்குழியை எட்டிப் பார்த்தார். சட்டைக்கு மேலாக இடுப்பைத் தடவிக்கொண்டார். அவர் எப்போதும் சட்டைக்குள் காசுப் பை வைத்த, நாலு விரல் அகலப் பச்சை பெல்ட்டுக் கட்டுகிறவர். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அதுக்குள்ளதான பத்திரத்த வச்சேன்."

"எந்தப் பத்திரம்?"

"சோழவந்தான் வீட்டுப் பத்திரம். மடங்காம இருக்கட்டும்னு நேத்துச் சாயங்காலம் அந்தப் புத்தகத்துக்குள்ளதான் சொருகி வச்சேன். போச்சு. எல்லாம் போச்சு."

மெஹருன்னிசா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கணவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். எடுத்த வாயை மூடிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். ஏன் மூடினாள் என்பதை இந்த அத்தியாயம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன், அவசரப்பட வேண்டாம்.

பத்திரத்தின் சங்கதி இதுதான். இனி அண்ணன் முகத்தில் விழிப்பதில்லை என்று இஸ்மாயில் சோழவந்தானில் ஒரு வீடு பார்த்திருந்தார். வீட்டுக்காரர் சோணைமுத்து, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். பதினைந்து நாளைக்கு முன் வாடகைப் பத்திரம் எழுதித் தன் கைநாட்டையும் வைத்துக் கொடுத்திருந்தார். இஸ்மாயில் கையெழுத்துப் போட்டு இன்று மாலை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் திண்டுக்கல் புகையிலை வியாபாரி ஒருவருக்கு வீடு போய்விடும். சனிக்கிழமை சாமான் ஏற்ற வண்டி கூடச் சொல்லியாகிவிட்டது.

சோழவந்தான் என்ன, கப்பல் ஏறிப் போகிற தூரமா என்று கேட்பீர்கள். ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் மெஹருன்னிசாவுக்கு அது கப்பல் தூரம்தான். அண்ணன் நைனா முகமதுவின் மனைவி அஜ்மல் பீவி அவளுடைய கூடப்பிறந்த அக்காள். அக்காளை அண்ணனுக்கும் தங்கையைத் தம்பிக்கும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மெஹருன்னிசாவுக்கு ஆறு வயதில் தாய் தவறிவிட்டாள். அன்று முதல் அவளுக்குத் தலை வாரியது, சோறு ஊட்டியது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் அஜ்மல் பீவி.

சுவர் எழும்பிய பின் இரண்டு வீட்டாரும் பேசக் கூடாது என்று உத்தரவு. அக்காளும் தங்கையும் பேசவில்லை. ஆனால் காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறைக்க வருவார்கள். அந்தப் பக்கத்து வாளி கிணற்றுக் கல்லில் இரண்டு தரம் தட்டும். இந்தப் பக்கத்து வாளி இரண்டு தரம் தட்டிப் பதில் சொல்லும். நல்லாயிருக்கேன், நீயும் நல்லாயிருக்கியா என்று அதற்கு அர்த்தம். சோழவந்தான் வீட்டிலும் கிணறு உண்டு. அதற்கு அந்தப் பக்கம் என்று ஒன்று கிடையாது. அதை நினைத்துத்தான் மெஹருன்னிசா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"போலீசுல சொல்லிட்டு வாரேன்" என்று இஸ்மாயில் செருப்பை மாட்டினார்.

"புத்தகத்துக்குப் போலீசா?"

"புத்தகத்துக்கு இல்ல, பத்திரத்துக்கு. எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுலதான் இருக்கு. நாலு மாசமா அந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. இன்னிக்கு மிதிக்கிறேன்."

கோபமாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் கோபமாகப் போகிற மனிதர் தலையைச் சீவிக்கொண்டு, தேய்த்த சட்டையாகப் பார்த்து மாற்றிக்கொண்டு போனதை மெஹருன்னிசா கவனித்தாள்.

*

ஏட்டு வெள்ளைத்துரைக்கும் குடைக்கடைக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. சண்டைக்கு இரண்டு நாள் முன்னால் தன் குடையைப் பழுது பார்க்கக் கொடுத்தார். பாகப்பிரிவினையில் அவர் குடைத் துணி அண்ணன் வீட்டுக்கும், கம்பி தம்பி வீட்டுக்கும் போய்விட்டது. நாலு மாதமாக இரண்டு வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். எனவே இஸ்மாயில் கூப்பிட்டதும் மனிதர் மத்தியானச் சாப்பாட்டை முடித்த கையோடு வந்துவிட்டார்.

"மாப்ள, என்ன களவு போச்சு?"

"பாதிப் புத்தகம்ணே."

"பாதியா? மீதிப் பாதி?"

"அது அண்ணன் வீட்டுல இருக்கு."

"அப்ப களவாணி மீதிய விட்டுட்டுப் போயிருக்கான்னு எழுதிக்கவா?"

"இல்லண்ணே. அது மொதல்ல இருந்தே அங்கதான் இருக்கு."

ஏட்டு நோட்டை மூடிவிட்டார். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் அவருக்கு இப்படி ஒரு புகார் வந்ததில்லை. திரைக்குப் பின்னால் நின்ற மெஹருன்னிசாவிடம், "அது என்ன புத்தகம்மா? என்னான்னு தெரிஞ்சாத்தான தேட முடியும்" என்று கேட்டார்.

அவர் கேட்டதுதான் தப்பு. மெஹருன்னிசா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிரிவினைக்கு முன்பு தினமும் பகல் தொழுகை முடிந்ததும் எழுத்துத் தெரியாத அக்காளுக்கு அதைச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டியவள். முன்பாதி வாசித்து முடிந்த அன்றுதான் புத்தகத்தை அறுத்தார்கள்; அது அவளுக்கு வரிவரியாக மனப்பாடம். திரைக்குப் பின்னால் இருந்தபடியே ஆரம்பித்தாள்.

"சிங்காரபுரம் மிராசுதார் வீட்டுல கலியாணம். விடிஞ்சா முகூர்த்தம். பொண்ணுக்குப் போட வேண்டிய காசுமாலையக் காணோம். துப்பறிய ஒருத்தர் வாரார். எங்க போனாலும் மொதல்ல பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் விசாரிப்பார்."

"நல்ல மனுசன்" என்றார் ஏட்டு.

"அவர் விசாரிச்சா, மாலைய எடுத்தது நான்தான்னு அம்மாக்காரி சொல்றா. அவ மகனைக் காப்பாத்தச் சொல்றா. மகன் நான்தான்னு சொல்றான், அவன் அக்காளைக் காப்பாத்த. அக்கா நான்தாங்குறா, அவ புருசனைக் காப்பாத்த. இப்பிடி வீட்டுல ஆறு பேரு ஆளுக்கு ஆளு நான்தான்னு நிக்கிறாங்க."

"அடப்பாவமே. அம்புட்டுப் பேருமா?"

"துப்பறியிறவர் பொடி போட்டுக்கிட்டுச் சொல்றார். 'நீங்கள் ஆறு பேர் சொல்வதும் பொய். மாலையை எடுத்த ஆசாமி இந்தக் கூடத்திலேயே நிற்கிறார். அவர்...' "

"அவர்?"

"அவ்வளவுதான். அதோட தொண்ணூத்தாறாம் பக்கம் முடிஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம்தான் காணோம்."

ஏட்டு வெள்ளைத்துரை சிவப்புத் தலைப்பாகையை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் இப்போது கடமை தெரிந்தது.

"வா மாப்ள. அது எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சே ஆகணும்."

*

பக்கத்து வீட்டில் நைனா முகமது தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றித் தெற்குவாசலில் யாரைக் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார்கள்: ஐந்து வேளை தொழுகிறவர், பொய் சொல்லாதவர், நாவல் படிப்பதை ஹராம் என்கிறவர். ஏட்டு உள்ளே வந்தார். இஸ்மாயில் ஒரு காலை வாசலுக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஏட்டின் தலைப்பாகையைப் பார்த்தார்கள்.

ஏட்டு புகாரைச் சொன்னார். பத்திரத்தைப் பற்றியும் சொன்னார்.

"நாவலா? தௌபா, தௌபா" என்றார் நைனா முகமது. மிஷின் சக்கரத்தை வேகமாகச் சுற்றினார். ஊசியில் நூலே இல்லை.

அப்போது உள் கதவுக்குப் பின்னாலிருந்து அஜ்மல் பீவியின் குரல் வந்தது.

"ஏட்டய்யா, அத எடுத்தது நான்தான்."

நைனா முகமதுவின் கை சக்கரத்தில் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது.

அஜ்மல் பீவி எடுக்கவில்லை. அவள் நினைத்தது வேறு. சோழவந்தான் போக மனசில்லாமல் மெஹருவே பத்திரத்தோடு அதை எங்கோ ஒளித்துவிட்டாள், தெரிந்தால் புருஷனிடம் பேச்சு வாங்குவாள், அந்தப் பேச்சை நாம் வாங்கிக்கொள்வோம் என்று நினைத்தாள். சின்னப் பிள்ளையில் தங்கை உடைத்த சட்டிகளுக்கெல்லாம் அடி வாங்கியவள் அவள். பழக்கம் விடவில்லை.

"எங்கம்மா வச்சிருக்கீக?" என்றார் ஏட்டு.

அவள் பதில் தேடுவதற்குள் முற்றத்துச் சுவருக்கு அப்பாலிருந்து இன்னொரு குரல் கேட்டது.

"அக்கா பொய் சொல்லுதுங்க. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்."

மெஹருன்னிசா வேறு கணக்குப் போட்டிருந்தாள். நாலு மாதமாகக் கதை முடிவு தெரியாமல் தவித்த அக்காள்தான் பொறுக்க மாட்டாமல், யாரையாவது வாசிக்கச் சொல்லலாம் என்று எடுத்திருப்பாள் என்று அவளுக்குக் காலையிலிருந்தே நினைப்பு. அக்காளைப் போலீஸ் கேள்வி கேட்கிறது என்றதும் கிணற்றடி இடைவெளி வழியாக ஓடி வந்து அக்காள் பக்கத்தில், அதே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நாலு மாதம் கழித்து இருவரும் ஒரே இடத்தில் நின்றார்கள். கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று முன்கட்டில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

ஏட்டு பெருமூச்சு விட்டார்.

"சிங்காரபுரம் இங்கயே வந்திருச்சே. களவாணி ரெண்டு பேரு இருக்காக, களவு போன சாமானத்தத்தான் காணோம். எனக்கு இது தாங்காது ராவுத்தரே. வானம் வேற கறுத்திருச்சு. என் குடைத் துணியையாவது குடுங்க, தலையில போட்டுக்கிட்டுப் போறேன்."

"அது இன்னும் தைக்கல. நாளைக்கு வாங்க" என்றார் நைனா முகமது. கொஞ்சம் அதிக வேகமாகச் சொல்லிவிட்டார்.

"தைக்காட்டிப் போகுது. இந்த டிராயர்லதான இருக்கு" என்று ஏட்டு மிஷின் டிராயரை இழுத்தார்.

"அது சிக்கிக்கும், இழுக்காதீங்க."

சிக்கவில்லை. நன்றாகவே வந்தது. கறுப்புத் துணியை ஏட்டு உதறினார். துணியோடு ஒரு பொட்டலம் தரையில் விழுந்தது. குடை நூலால் நாலு பக்கமும் கட்டிய அரைப் புத்தகம்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை அது. வாசலில் நின்ற இஸ்மாயிலுக்கு வெளியே இருந்த காலையும் உள்ளே எடுத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நைனா முகமது எழுந்து நின்றார்.

"நான்தான் எடுத்தேன்" என்றார்.

"இதோட மூணாவது ஆளு" என்றார் ஏட்டு.

"இல்ல, நான் நெசமாவே எடுத்தேன். காலையில சுபுஹு தொழுதுட்டு வந்து எடுத்தேன். கொய்யாப்பழம் பறிக்கிற தொரட்டி இருக்குல்ல, அத வச்சு. கிணத்தடிச் சன்னல் வழியா மாடக்குழி எட்டுச்சு. மொத மூணு தடவயும் உப்புச் சட்டிதான் மாட்டுச்சு."

கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை முந்தானையால் அடக்குவது கேட்டது.

"நீங்க நாவலே படிக்க மாட்டீகளே?"

"மாட்டேன்னுதான் இருந்தேன். கடையில குடை விக்க முடியல. சும்மா உக்காந்திருக்கும்போது என் பங்கப் பிரிச்சேன். ஏழு தடவ படிச்சிட்டேன் ஏட்டய்யா. ஆறு பேரு நான்தான்னு நிக்கிறான். எடுத்தது யாருன்னு தெரியாம தொழுகையில மனசு நிக்க மாட்டேங்குது. எத்தன ரக்அத்து ஆச்சுன்னு எண்ணிக்கை தப்புது. அல்லா மேல சத்தியமா என்னால முடியல."

ஏட்டு அவர் தோளில் கை வைத்தார். அந்தத் துன்பம் அவருக்கு அரை மணி நேரமாகத் தெரியும்.

"சரி, அதான் காலையில இருந்து கையில இருக்கே. யாரு எடுத்தது, சொல்லுங்க."

"படிக்கலையே."

"ஏன்?"

"முத்திரை இருக்குல்ல. அலீம் மாமு சாட்சி வச்சு அரக்கு வச்சது. அடுத்தவன் அமானிதம், நம்பி ஒப்படைச்ச பொருளு. அத நான் எப்பிடி உடைக்க?"

"தொரட்டி போட்டு இழுப்பீக. அரக்க உடைக்க மாட்டீக."

"இழுத்தது தப்புத்தான். உடைக்கிறது பெரிய தப்பு."

கதவு இடுக்கிலிருந்து ஒரு கை நீண்டது. அஜ்மல் பீவியின் கை. ஏட்டு புத்தகத்தை எடுத்து அதில் வைத்தார்.

"மெஹரு, அரக்கு அப்பிடியே இருக்கே. நீ இதப் பிரிக்கவே இல்லையா?"

"இல்லக்கா."

"நாலு மாசமா?"

"நீ இல்லாம எப்பிடிக்கா படிக்க? நான் வாசிச்சா, நீ 'அது சரிதான்'னு சொல்லணும். தனியாப் படிச்சா எனக்குக் கதை ஏறாது."

அஜ்மல் பீவிக்கு அழுகை வந்துவிட்டது. தங்கைக்கு முடிவு தெரியும், தெரிந்தும் ஒரு ஜாடைகூடக் காட்டாமல் வாளியைத் தட்டிவிட்டுப் போகிறாள் என்று நாலு மாதமாக உள்ளுக்குள் ஒரு சின்னக் கோபம் வைத்திருந்தாள். அதைத் தங்கையிடம் சொல்லியே அழுதாள். முன்கட்டில் மூன்று ஆண்களும் மழையைப் பார்த்தார்கள். இஸ்மாயில் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

*

அரக்கு உடையவில்லை என்றதும் உங்களில் கூர்மையானவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். முன்கட்டிலும் ஒருவர் நிமிர்ந்தார். ஏட்டு இல்லை. அவர் நினைப்பெல்லாம் தொண்ணூற்றேழாம் பக்கத்தில் இருந்தது. நிமிர்ந்தவர் நைனா முகமது. ஒரு துப்பறியும் நாவலை ஏழு தடவை படித்தது வீண் போகவில்லை.

அரக்கு வைத்து நாலு மாதம் ஆகிறது. பத்திரம் எழுதிப் பதினைந்து நாள்தான் ஆகிறது. நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிய புத்தகத்துக்குள் நேற்றுச் சாயங்காலம் பத்திரத்தை எப்படிச் சொருக முடியும்?

மெஹருன்னிசா காலையில் வாயெடுத்து மூடியதும் இதனால்தான். கட்டுப் பிரியாத புத்தகம் என்று அவளுக்குத் தெரியும். மனைவி எப்போதோ அதைப் பிரித்துப் படித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அவள் கணவர் அளந்தார். பொய் என்று தெரிந்தது. அந்தப் பொய் ஏன் என்றும் அந்தக் கணமே தெரிந்தது. தெரிந்ததால்தான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் ஓர் ஆள் தெப்பமாக நனைந்து வந்து நின்றார். தலையில் கோணிச் சாக்கு. சோழவந்தான் சோணைமுத்து.

"பக்கத்து வீட்டுல ஆளில்ல. இங்க இருக்கீகன்னு சொன்னாக. குடைக்கடை வீட்டுக்குத்தான வாரோம்னு குடை எடுத்தாரல. ஒரு குடை குடுங்க, பத்திரத்தயும் குடுங்க, நான் ரயிலுக்குப் போகணும்."

குடைக்கடை வீட்டில் அன்று ஒரு குடைகூட இல்லை. இஸ்மாயில் முன்னால் வந்தார்.

"பத்திரம் களவு போயிருச்சுண்ணே. ஏட்டு விசாரிச்சுக்கிட்டு இருக்காக."

"ஆமா, உக்காருங்க. விசாரணை முக்கியமான இடத்துல நிக்குது" என்றார் ஏட்டு. "அம்மா, புத்தகத்துக்குள்ள பத்திரம் இருக்கான்னு பாக்கணும். கட்டப் பிரிங்க. பிரிச்ச கையோட அப்பிடியே அந்த மொத வரிய மட்டும் கொஞ்சம் சத்தமாப் படிங்க. சட்டப்படி நான் கேக்கணும்."

சாமானுக்குச் சொந்தக்காரர் இஸ்மாயில்தானே. கதவுப் பக்கம் திரும்பி, "உடை மெஹரு" என்றார். அரக்கு உடைகிற சத்தம் கேட்டது. நூல் அறுகிற சத்தம் கேட்டது. தாள்களை உதறினாள். பத்திரம் விழவில்லை.

பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அடைமழைச் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினாள்.

" 'அவர் வேறு யாருமில்லை. மாலையைக் காணோம் என்று முதலில் கூச்சல் போட்டாரே, அவரேதான்.' "

"அது சரிதான்" என்றாள் அஜ்மல் பீவி.

ஏட்டு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தீகளா, புகார் குடுத்தவனே எடுத்திருக்கான். என்னா மூளை, என்னா மூளை" என்று சோணைமுத்துவிடம் சொன்னார். என்ன ஏது என்று தெரியாமலே சோணைமுத்துவும் தலையை ஆட்டினார்.

இஸ்மாயில் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கை அவரை அறியாமல் இடுப்புக்குப் போனது. அதை ஒரே ஒருவர் பார்த்தார்.

"அது கிடக்கட்டும். என் பத்திரம் எங்க?" என்றார் சோணைமுத்து. "இன்னிக்கு இல்லேன்னா திண்டுக்கல்காரருக்குச் சரின்னு சொல்லிருவேன்."

இஸ்மாயில் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் நைனா முகமதுவின் குரல் வந்தது. தெற்குவாசலில் யாரும் சந்தேகப்படாத, நிதானமான அதே குரல்.

"வீடு பூராவும் தேடிட்டோம். இல்ல. நாளைக்கு ஜும்மா முடியிற வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறம் நீங்க யாருக்கு வேணும்னாலும் குடுங்க."

இஸ்மாயில் திரும்பி அண்ணனைப் பார்த்தார். பொய் சொல்லாத மனிதர் எதற்கு இப்படி ஒரு பொய் சொல்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை. நைனா முகமது எழுந்து வந்து தம்பியின் பக்கத்தில், ஏட்டுக்கும் தம்பிக்கும் நடுவில் நின்றுகொண்டார். நாலு மாதம் கழித்து அண்ணன் தம்பியிடம் பேசினார். அவர் மட்டும் கேட்கிற மாதிரி, மழையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இஸ்மாயிலு, சட்டைய இறக்கி விடு. பெல்ட்டுல பத்திரம் தெரியுது."

இஸ்மாயில் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.